சம்பளச் சீட்டில் ஏறாத படிப்பு: புளியந்தோப்பில் ஒரு பெண்ணின் 12 ஆண்டுப் பள்ளி

புளியந்தோப்பில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அதன் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது இந்த ஆய்வு. வயது நாற்பதை நெருங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் படித்துத் தேறியவர். அதற்குப் பிறகு மாதச் சம்பளத்துக்கு எங்கும் வேலைக்குப் போனதில்லை. கணவர் குட்டி யானை எனும் சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார், அதில் வருவது கைச்செலவுக்குச் சரியாகப் போகிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிளாக்கே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். பிளாக்கையும் பள்ளியையும் யாரும் அடையாளம் கண்டுபிடிக்கும்படியான விவரங்களை விட்டுவிட்டேன்.

கல்வியால் என்ன லாபம் என்று கேட்டால் பொருளாதார அறிஞர்கள் கையில் ஒரு கணக்கு தயாராக இருக்கிறது. ஓர் ஆண்டு கூடுதலாகப் பள்ளிக்குப் போனால் வருமானம் எவ்வளவு கூடுகிறது என்பது அந்தக் கணக்கு. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஜார்ஜ் சக்கரோபோலஸ், ஹாரி பாட்ரினோஸ் இருவரும் 2018-இல் சொன்ன சராசரி, ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம். இந்தக் கணக்கை அக்காவிடம் கொண்டுவந்தால் விடை கிடைப்பதில்லை. படிப்பு 12 ஆண்டு, சம்பளம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பிளாக்கிலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், வேறு சொற்களில்: "ப்ளஸ் டூ படிச்சி இன்னா பண்ணா, அவளுந்தானே வூட்ல சோறு ஆக்கிக்கினு கீறா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த ஆய்வு. அக்காவின் படிப்பு வீணாகவில்லை என்பது என் முடிவு. அது அவர் வீட்டுக்குள் தங்காமல் மாடிப்படி ஏறி இறங்கி, பக்கத்து வீடு, எதிர் வீடு, கீழ் வீடு என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. பலன் பெற்றவர்களுக்கு அது படிப்பின் பலன் என்று தெரியவில்லை. "அக்கா நல்ல மாதிரி" என்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேர், ஒரு மில்

அக்காவின் அப்பா பி அண்ட் சி மில் தொழிலாளி. பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு வட்டாரத்துக்கே சோறு போட்ட பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில் 1996-இல் மூடப்பட்டது. அப்போது அக்கா நான்காம் வகுப்பு, அவருக்கு மூத்தவர் ஏழாம் வகுப்பு. அம்மா சௌகார்பேட்டையில் சேட்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனார். ஒரு ஆள் கூலி போதவில்லை. மூத்தவளை நிறுத்தித் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். சின்னவளை நிறுத்தவில்லை, காரணம் சத்துணவு. பள்ளியில் மதியச் சோறு போடுகிறார்கள், வீட்டில் இருந்தால் அந்த ஒரு வேளைக்கும் வழி பார்க்க வேண்டும்.

மதிய உணவு வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவரோடு தொடர்புடைய யோசனை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. பிறகு 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர். என்று அது வளர்ந்தது. அந்தச் சோற்றுத் தட்டுதான் ஒரு வீட்டின் இரண்டு பெண்களை இரண்டு வழியில் அனுப்பியது.

மூத்தவர் காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டார். விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறார். அவர் கணக்குப் போடும் வேகத்தை நேரில் பார்க்க வேண்டும். ஏலம் கூறுபவர் விலையை ஏற்றிக்கொண்டே போகும்போது, ஐஸ், வண்டிக்கூலி, கழிவு எல்லாவற்றையும் கழித்து எந்த விலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு அந்த நொடியிலேயே தெரிகிறது. வியாபாரிகளிடம் குரலை உயர்த்திப் பேசுவார். வருமானத்தில் தங்கையை விட பல மடங்கு மேல். அறிவு, துணிச்சல், சம்பாத்தியம் எதிலும் குறைவில்லாத பெண். பள்ளிக்கூடம் என்னதான் கொடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க இவர்தான் எனக்கு உதவினார்.

அவருடைய மகனுக்குச் சின்ன வயதில் வயிற்றுப்போக்கு. சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். மறுநாள் தங்கை வந்து பொட்டலத்தைத் திருப்பிப் படித்தார்: முழுப் பொட்டலமும் 1 லிட்டர் தண்ணீருக்கு. தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறிக் குழந்தைக்குக் கேடு, தண்ணீர் கூடினால் கொடுத்தும் பயனில்லை.

"அங்கயே கேட்டிருக்கலாமே?" என்று நான் மூத்தவரிடம் கேட்டேன்.

"அவங்க சொன்னாங்க, தலையாட்டிட்டு வந்துட்டேன். அவங்களாண்ட போயி இன்னா கேக்குறது?"

ஏலக்கூடத்தில் பத்துப் பேரோடு மோதுகிறவர், சுகாதார நிலைய மேசைக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. இந்த ஆய்வில் நான் அதிக நேரம் யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். தங்கைக்கு எழுத்து தெரியும் என்பது பாதி விஷயம். மீதிப் பாதி, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒன்று சொன்னால் அதன்மேல் இன்னொரு கேள்வி போடும் பழக்கம். எத்தனை நாளைக்கு? நிறுத்தினால் என்ன ஆகும்? எந்தத் தேதி? யாரிடம் கொடுக்க வேண்டும்? 12 ஆண்டு ஒரு ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, அவர் பேசும் எழுத்துத் தமிழைக் கேட்டு, புரியாததைக் கேட்டு, திட்டு வாங்கி, மறுபடி கேட்டு வந்த பழக்கம் அது. நான் இதை "இரண்டாவது கேள்வி" என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

ராபர்ட் லெவைன், சாரா லெவைன் குழுவினர் நேபாளம், மெக்சிகோ, வெனிசுவேலா, சாம்பியா ஆகிய நாடுகளில் தாய்மார்களிடையே செய்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. பள்ளிப்படிப்பு உள்ள தாய்மார்கள் வானொலியில் வரும் உடல்நலச் செய்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தங்கள் நோயைப் பற்றி மருத்துவமனைக்கு ஏற்ற விதத்தில் வரிசையாகச் சொன்னார்கள். பாடப் புத்தகத்தில் படித்தது மறந்துபோய்ப் பல ஆண்டு ஆன பிறகும் இந்தத் திறமை அவர்களிடம் தங்கியிருந்தது.

ஆறு மாத மாத்திரை

எதிர் வீட்டில் ஒரு இளைஞர், லோடுமேன் வேலை. இருமல் நிற்கவில்லை, சளி பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆவதற்குள் இருமல் போய்விட்டது, உடம்பில் சதை பிடித்தது, வேலைக்குத் திரும்பினார். மாத்திரையை நிறுத்திவிட்டார். நல்லாகிவிட்டது என்பது ஒரு காரணம். வெளியில் சொல்லாத இன்னொரு காரணம், சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் போகிறது என்று பயந்திருக்கிறார். மாத்திரை சூடு, சிறுநீரகத்தைத் தின்கிறது என்று யாரோ சொல்லியும் விட்டார்கள்.

அவருடைய அம்மாவுக்குத் துணையாக அக்கா சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். நர்ஸ் வழக்கம்போல் "ஆறு மாசம் விடாம போடணும்" என்றார். அக்கா அடுத்த கேள்வியைக் கேட்டார்: நல்லானப்புறமும் எதுக்குப் போடணும்? சிறுநீர் ஏன் அந்த நிறத்தில் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டார். நர்ஸ் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கிருமியில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்தில் செத்துவிடும், மிச்சம் இருப்பது பதுங்கியிருக்கும், பாதியில் விட்டால் மறுபடி கிளம்பும், அப்போது அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். நிறம் மாறுவது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சாயம், ரத்தம் இல்லை.

அக்கா செய்தது இவ்வளவுதான்: கேட்டதை அப்படியே கொண்டுவந்து அந்த இளைஞரிடம் சொன்னார், அவருடைய அம்மாவிடமும் சொன்னார், மாடிப்படியில் உட்கார்ந்து அரட்டை அடிக்கும் பெண்களிடமும் சொன்னார். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கும் தடுப்பு மாத்திரை உண்டு என்பதையும் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த வீட்டுப் பேரக்குழந்தைக்கு அது கிடைத்தது. நோயாளிகளுக்கு உணவுக்காக வரும் உதவித்தொகை (2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000) வங்கிக் கணக்கில் ஏறாமல் இருந்ததைக் கவனித்து, கணக்கு எண்ணைத் திருத்தித் தர வைத்தார். இளைஞர் மருந்தை முடித்தார். அவருக்குக் கிடைத்த பலன் அவரோடு நிற்கவில்லை. குறுகலான படிக்கட்டும், காற்றோட்டம் இல்லாத அறைகளும் கொண்ட ஒரு கட்டடத்தில் ஒருவர் மருந்தை முடிப்பது எத்தனை வீட்டுக்குப் பாதுகாப்பு என்பதை எந்தச் சம்பளக் கணக்கும் காட்டாது.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய முன்கதை உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையில், மருந்தோடு நல்ல சாப்பாடும் ஓய்வும், மறு பாதிக்கு அவரவர் நெரிசல் வீட்டிலேயே மருந்து. 1959-இல் வெளிவந்த முடிவு, வீட்டில் மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்பது. கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகமே அதற்குப் பிறகு காசநோய்க்கு வீட்டு மருத்துவத்துக்கு மாறியது. அப்படி மாறியதால் பொறுப்பு வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் மாத்திரை அட்டையைப் படிக்கிறவர், ஏன் என்று கேட்கிறவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதும் மருந்தோடு சேர்ந்துகொண்டது. வீட்டில் இல்லையென்றால் எதிர் வீட்டிலாவது.

இந்த "எதிர் வீட்டிலாவது" என்பதற்குப் பொருளாதாரத்தில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கௌசிக் பாசு, ஜேம்ஸ் ஃபாஸ்டர் இருவரும் 1998-இல், எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஒரே கூட்டமாக எண்ணக் கூடாது என்று வாதிட்டார்கள். படித்தவர் ஒருவரோடு ஒரே வீட்டில் இருக்கும் படிக்காதவரின் நிலை வேறு, அப்படி யாருமே இல்லாமல் தனித்து நிற்பவரின் நிலை வேறு. முன்னவருக்குக் கல்வியின் பலனில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. அவர்கள் வீட்டை எல்லையாக வைத்தார்கள். புளியந்தோப்பில் கதவுகள் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. எல்லையை மாடிப்படி வரைக்கும் தள்ளி வைக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

டோக்கன், மனு, புரோக்கர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எல்லாம் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன. அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து, ரேஷன் கடை வழியாக டோக்கன் கொடுத்தது. கார்டு இல்லாதவர்கள், வேறு முகவரியில் கார்டு இருப்பவர்கள் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். அக்கா அந்த நாட்களில் தையல் மெஷினைத் தொடவில்லை. மெஷின் மேல்தான் விண்ணப்பங்கள் இருந்தன.

அதற்குச் சில மாதம் முன்னால் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம், மாதம் 1,000 ரூபாய். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது, 30 நாளுக்குள் ஈ சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம். கீழ் வீட்டு ஆயா ஒருவர் தினமும் வங்கிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். செய்தி அவர் போனிலேயே இருந்தது. அக்கா அதைத் திறந்து படித்தபோது கெடுவுக்குச் சில நாட்களே மீதி இருந்தன. மேல்முறையீடு போட்டார்கள், பணம் வந்தது. ஆயாவின் வருமானம் கூடியிருக்கிறது, அக்காவின் படிப்பால். இது எந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் ஏறும்?

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அதே பிளாக்கில் இன்னொருவரும் இருக்கிறார், அக்காவைப் போலவே பன்னிரண்டாம் வகுப்பு. அவரும் மனு எழுதுகிறார், ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கிக்கொண்டு. "ஆபீஸ்ல குடுக்கணும்" என்று சொல்லித் தனியாக வாங்குவதும் உண்டு. மகளிர் குழுக் கடனில் நடுவில் நின்று எடுத்துக்கொள்வதாகவும் பேச்சு. படிப்பு தானாகவே ஊருக்கு நல்லது செய்துவிடும் என்று நம்புகிறவர்கள் இவரையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அதில் கடை போட்டு உட்காரலாம். பிளாக்கில் இன்னும் பத்துப் பேருக்கு மனு எழுதத் தெரிந்திருந்தால் அவருடைய கடை நடக்காது. அதனால்தான் ஒரு தெருவில் ஒருவர் படித்தால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

பள்ளிக்கே திரும்பிப் போனது

கொரோனாவுக்குப் பிறகு, 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அக்கா தன்னார்வலராகச் சேர்ந்தார். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ப்ளஸ் டூ போதும். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அவருடைய பள்ளிச் சான்றிதழைக் காட்டி அவர் வாங்கிய ஒரே பணம் அதுதான்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் இப்படி ஒரு குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல ஆண்டுகள் இது கையெழுத்துக்கு மட்டும் கூடும் குழுவாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோரை அழைத்துக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். சின்னவன் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் குழுவில் அக்கா வந்தது அப்போதுதான்.

முதல் பிரச்சினை கழிப்பறை. தண்ணீர் வரவில்லை. பெரிய பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்தார்கள். கூட்டத்துக்கு வந்த அதிகாரி "பாத்துக்கலாம்மா" என்றார். அக்கா, "எந்தத் தேதிக்குள்ள சார்?" என்றார். அவர் ஒரு மாதம் சொன்னார். "அப்ப அதையே தீர்மானத்துல எழுதிடலாமா?" என்று நோட்டை நகர்த்தினார். வேலை ஒரு மாதத்தில் முடியவில்லை, கல்வியாண்டே முடிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பக்கத்தைத் திறந்து தேதியைப் படித்தார். கடைசியில் மோட்டார் மாற்றினார்கள், குழாய் வந்தது. முதல் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்கள், மூன்றாவது நான்காவது கூட்டத்தில் அவர்களே கேட்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கே போகாத ஒருவர், "தேதி போடு சார்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிப்படிப்பில் வந்த பழக்கம் பள்ளிப்படிப்பு இல்லாதவரையும் தொற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று என்னிடம் இல்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து சொற்பொழிவு கேட்கும் இடம். செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு இருவரும் நடத்தினார்கள். இராயப்பேட்டை வெஸ்லியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க. அங்கே வந்து பேசினார். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1918 ஏப்ரல் 27-இல், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். கூலி உயர்வு பின்னால் வந்தது. முன்னால் வந்தது மாலையில் கூடி உட்கார்ந்து கேட்பதும் பேசுவதும். மில்லில் இருந்தவரை அக்காவின் அப்பாவும் டீக்கடையில் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்ட ஆள்தான். மில் மூடியபிறகு, வேலை போன நண்பர்களுக்கு நடுவில் மகளை நிற்கவைத்து உரக்க வாசிக்கச் சொல்வாராம். நான்காம் வகுப்புப் பெண் பெரிய ஆண்களுக்குச் செய்தி வாசித்திருக்கிறாள்.

நின்றுபோன பெண்

புயலுக்குப் பிறகு, பிளாக்கில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்குப் போகவில்லை. புத்தகம், சீருடை எல்லாம் தண்ணீரில் போயிருந்தன, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டு வேலை அவள் தலையில் விழுந்தது. மாமன் மகனுக்குப் பேசி முடிப்பதாகவும் காதில் விழுந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் அதிகாரிகள் வருவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் முதலில் அப்பாவிடம் போனார்.

"அண்ணே, ஆறாவதுலேர்ந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூவா அவ பேருல வருது. நம்ம பாரதி காலேஜ்லதான் தொடங்கி வெச்சாங்க. இன்னும் மூணு வருசம் பொறுத்துக்கோ."

2022 செப்டம்பர் 5-இல் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தைத்தான் சொன்னார். அப்பா ஒத்துக்கொண்டதற்குப் பணமும் ஒரு காரணம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புத்தகத்தைப் பள்ளியில் கேட்டு வாங்கியது, ஒரு செட் சீருடை தைத்தது, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்தது எல்லாம் அக்கா. அந்தப் பெண் இப்போது ப்ளஸ் ஒன். மாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளும் சொல்லிக்கொடுக்கிறாள்.

படிப்பா, சுபாவமா?

இதைப் படிப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்வி: அக்கா படிக்காமல் இருந்தாலும் இப்படித்தானே இருந்திருப்பார்? உதவும் குணம் பிறவியில் வருவது இல்லையா? சரியான கேள்வி. ஒரே ஒருவரை வைத்து முழுப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் அவருடைய மூத்தவர் இருக்கிறார். அதே அப்பா அம்மா, அதே வீடு, குணத்திலும் வாரிக் கொடுக்கிறவர். கஷ்டம் என்று வந்தால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். ஆனால் தாளும் மேசையும் வரும் இடத்தில் நின்றுவிடுகிறார், தங்கைக்குப் போன் செய்கிறார். மூன்று வகுப்பு வித்தியாசத்தில் மில் மூடியது என்பது மட்டும்தான் இரண்டு பேரையும் பிரித்த காரணம்.

பெரிய அளவில் இதே கேள்விக்கு விடை தேடியவர்களும் உண்டு. இந்தோனேசியா 1973-லிருந்து 1978-க்குள் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. எந்தப் பகுதியில், எந்த ஆண்டில் பிறந்தார் என்பதை வைத்து ஒருவருக்கு அந்தப் பள்ளி கிடைத்ததா இல்லையா என்பது முடிவானது. அவருடைய குணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தத் தரவை ஆராய்ந்த லூசியா பிரெய்ரோவா, எஸ்தர் டுஃப்லோ இருவரும் பெற்றோரின் படிப்பு குழந்தை இறப்பைக் குறைத்ததைக் கண்டார்கள். 175 நாடுகளின் தரவைக் கொண்டு எமானுவேலா காகிடூ குழு 2010-இல் லான்செட் இதழில் எழுதியது இன்னும் பெரியது. 1970-க்கும் 2009-க்கும் இடையில் தவிர்க்கப்பட்ட 82 லட்சம் குழந்தை இறப்புகளில் 42 லட்சம், அதாவது பாதிக்கு மேல், பெண்களின் படிப்பு உயர்ந்ததோடு தொடர்புடையவை. 2021-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, 12 ஆண்டு படித்த தாயின் குழந்தை ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு, படிக்காத தாயின் குழந்தையை விட 31 சதவீதம் குறைவு என்றது. தந்தை படித்திருந்தால் 17 சதவீதம். 12 ஆண்டு, அக்கா படித்த அதே 12.

யார் செலவில்?

அக்காவின் படிப்பால் ஆகாததும் நிறைய. பிளாக்குக்கு வெளியே சாக்கடை இன்னும் வழிகிறது. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார், திங்கள்கிழமை மனுநாளில் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போய் வந்தார். முகவரியைக் கேட்டதும் பையன்களை வேறு கண்ணால் பார்க்கிற வழக்கம் மாறவில்லை. அவர் பெரிய மகனே அதை அனுபவித்திருக்கிறான்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. ப்ளஸ் டூ முடித்ததும் அவர் ஆசிரியர் பயிற்சியில் சேர ஆசைப்பட்டார். விண்ணப்பம் வாங்கிவந்தார். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவேட்டு வேலை வந்தது, இரவு ஷிப்ட் என்று கணவர் வேண்டாம் என்றார். அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்காக வாசலில் போய் நின்று பேச முடிந்தவருக்கு, சொந்த வாழ்க்கையின் இரண்டு முடிவுகளில் பேச்சு எடுபடவில்லை.

கல்வியின் சமூகப் பலனைப் பேசும்போது இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். "பெண் படித்தால் குடும்பத்துக்கு நல்லது, குழந்தைக்கு நல்லது, தெருவுக்கு நல்லது" என்று பட்டியல் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குக் கூலி இல்லாமல் போனதை மறந்துவிட வசதியாகிறது. காசநோயாளியைத் தொடர்ந்து பார்த்தது ஒரு சுகாதாரப் பணியாளர் வேலை. விண்ணப்பம் எழுதியது ஒரு ஈ சேவை ஊழியர் வேலை. நின்றுபோன பெண்ணைப் பள்ளிக்குத் திருப்பியது ஒரு சமூகப் பணியாளர் வேலை. மூன்றையும் ஒரு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலவசமாகச் செய்திருக்கிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியபோது மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்களை வேலைக்கு எடுத்து, வீடு வீடாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோக வைத்தார்கள். வழி இருக்கிறது. தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் ஒவ்வொரு ஹவுசிங் போர்டுக்கும் அதே இடத்தில் வசிக்கும் ப்ளஸ் டூ படித்த ஒரு பெண்ணை, மனு, மருந்து, பள்ளி மூன்றுக்கும் சேர்த்துச் சம்பளத்துடன் நியமிக்கலாம். கீழ்த்தளத்தில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பிரிண்டர் போதும். கல்வியின் பலனை அளக்க விரும்பும் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவத்தில் "உங்கள் கல்வித் தகுதி என்ன" என்பதற்குக் கீழே, "ஒரு தாள் வந்தால் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த விடைகளை வைத்து ஒரு வரைபடம் போட்டால், வட சென்னையில் அக்காக்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், எந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை என்பது தெரிந்துவிடும்.

சின்னவன் அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடிக்கிறான். அவன் பள்ளியை விட்டுப் போனதும் பெற்றோர் என்ற முறையில் குழுவில் அக்காவுக்கு இடம் இல்லை. 2024-இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அக்கா ஐந்தாம் வகுப்பு வரை அதே பள்ளியில்தான் படித்தார். அடுத்த முறை அந்த வழியில் வர முடியுமா, யாரிடம் கொடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.